மேலேயிருந்து கீழே போகிறது, கீழேயிருந்து மேலே போகவில்லை: மூன்று ரூட்டர்களுக்கு இடையே ஸ்டாடிக் ரூட்டிங் கோளாறுகள்

பெங்களூர் அல்சூர், மர்ஃபி டவுன் பக்கம் பல கட்டடங்களில் ஒரே கதைதான். கீழே பிரஸ்ஸோ கடையோ இருக்கும். முதல் மாடியில் மகன் நடத்தும் டிசைன் ஆபீஸ், அதற்கு மேல் குடும்பம். ஃபைபர் லைன் கீழே மீட்டர் பெட்டி ஓரமாக வந்து நின்றுவிடும். வைஃபை மேலே எட்டவில்லை என்று எஸ்.பி. ரோட்டில் ஒரு ரூட்டர் வாங்கி மாட்டுவார்கள், அப்புறம் இன்னொன்று. மூன்றும் மூன்று தனித் தீவுகளாக நிற்கும். "தம்பி, மேலே இருந்து பிரின்ட் கொடுத்தா போகுது, கீழே இருந்து மாடி கம்ப்யூட்டர் ஃபைல் எடுக்க முடியல, என்னன்னு பாரேன்" என்று போன் வருவது அதற்குப் பிறகுதான்.

முதலில் ஒரு கேள்வி. உங்களுக்கு மூன்று தனி நெட்வொர்க் நிஜமாகவே தேவையா? வைஃபை எட்ட வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால், மேலே உள்ள இரண்டு ரூட்டர்களையும் ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு (வைஃபையை மட்டும் பரப்பும் நிலைக்கு) மாற்றுங்கள். எல்லாம் ஒரே நெட்வொர்க்காகிவிடும், இந்தக் கட்டுரையே தேவைப்படாது. பில்லிங் கம்ப்யூட்டரும் சிசிடிவி ரெக்கார்டரும் ஒரு பக்கம், பிள்ளைகளின் போன்கள் இன்னொரு பக்கம் என்று பிரித்து வைக்கக் காரணம் இருந்தால் மட்டும் தொடர்ந்து படியுங்கள். பிரித்து வைத்தாலே பாதுகாப்பு வந்துவிடாது. இரண்டுக்கும் நடுவே ரூட் (எந்த நெட்வொர்க்குக்கு எந்த வழி என்று ரூட்டரில் எழுதும் வரி; கையால் எழுதினால் ஸ்டாடிக் ரூட்) போட்ட பிறகு யார் யாரிடம் போகலாம் என்பதை ஃபயர்வால் (எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று பார்க்கும் காவல்) விதிதான் தீர்மானிக்கும்.

பேச வசதியாக ஒரு அமைப்பை வைத்துக்கொள்வோம்.

கீழ் ரூட்டர்: ஃபைபர் வந்து சேரும் இடம். லேன் (உள் பக்கம்) முகவரி 192.168.1.1, நெட்வொர்க் 192.168.1.0/24. /24 என்றாலும் மாஸ்க் 255.255.255.0 என்றாலும் ஒன்றுதான்: முதல் மூன்று எண்கள் நெட்வொர்க்கைக் குறிக்கும்.

நடு ரூட்டர்: அதன் வேன் போர்ட் (இன்டர்நெட் பக்கத்தைப் பார்க்கும் போர்ட்) கீழ் ரூட்டரின் லேன் போர்ட்டில். வேன் முகவரி 192.168.1.2, லேன் முகவரி 192.168.2.1.

மேல் ரூட்டர்: அதன் வேன் போர்ட் நடு ரூட்டரின் லேன் போர்ட்டில். வேன் முகவரி 192.168.2.2, லேன் முகவரி 192.168.3.1.

மேல் ரூட்டருக்கு டீஃபால்ட் கேட்வே, அதாவது வழி தெரியாததை ஒப்படைக்கும் இடம், 192.168.2.1. நடு ரூட்டருக்கு 192.168.1.1. தெரியாத எதையும் இவை கீழ்நோக்கித் தள்ளிவிடும் என்பதால், கீழே போகும் பாதைக்குத் தனியாக எதுவும் எழுத வேண்டாம். நாம் கையால் எழுதுவது மேல்நோக்கிய பாதைகளை மட்டும். கீழ் ரூட்டரில் 192.168.2.0-க்கும் 192.168.3.0-க்கும் மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.2. நடு ரூட்டரில் 192.168.3.0-க்கு அதே மாஸ்க், கேட்வே 192.168.2.2. மொத்தம் மூன்று வரி.

இதை ஒரு தாளில் வரைந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். போர்ட் எது, முகவரி எது என்று மனதில் வைத்துக்கொண்டு தேடினால் பாதி நேரம் அதிலேயே போய்விடும்.

பிங் கொடுத்தால் ஏதோ ஒரு பிழை வருகிறது

பிங் என்பது ஒரு முகவரிக்குச் சின்னக் கோரிக்கை அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை. "பிங் போகலை" என்று சொன்னால் போதாது. திரையில் என்ன வருகிறது என்பதை எழுத்து மாறாமல் படிக்கச் சொல்ல வேண்டும். விண்டோஸில் 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்ற வரிக்கு முன்னால் 'ரிப்ளை ஃப்ரம்' என்று ஒரு முகவரி இருக்கும். எல்லோரும் பிழையைப் படிப்பார்கள், முகவரியை விட்டுவிடுவார்கள். விஷயம் அந்த முகவரியில்தான் இருக்கிறது.

அது உங்கள் கம்ப்யூட்டரின் சொந்த முகவரி என்றால், பாக்கெட் (அனுப்பும் தகவல் துண்டு) வீட்டை விட்டே கிளம்பவில்லை. கேட்வே பதில் சொல்லவில்லை, அல்லது போக வேண்டிய இடம் தன் நெட்வொர்க்கிலேயே இருப்பதாகக் கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டு அங்கேயே தேடுகிறது. இரண்டாவதற்கு வழக்கமான காரணம் தவறான மாஸ்க். 255.255.255.0 இருக்க வேண்டிய இடத்தில் 255.255.0.0 இருந்தால் 192.168-இல் தொடங்கும் எல்லாமே பக்கத்து வீடு என்றுதான் அது நம்பும்.

முகவரி 192.168.2.1 என்று வந்தால், நடு ரூட்டர் வரை போய்ச் சேர்ந்துவிட்டது, பிரச்சினை அதற்கு அப்பால். 'ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்றால் அடுத்துக் கைமாற்ற வேண்டிய சாதனம் அதற்குப் பதில் தரவில்லை. மேல் ரூட்டர் அணைந்திருக்கலாம், கேபிள் கழன்றிருக்கலாம். 'நெட் அன்ரீச்சபிள்' என்றால் அந்த நெட்வொர்க்குக்கு அதனிடம் ரூட்டே இல்லை.

ஒரு வேடிக்கை: இந்த 'அன்ரீச்சபிள்' பதில்களையும் விண்டோஸ் வந்து சேர்ந்த பதில்களாகவே எண்ணும். கடைசியில் 'லாஸ்ட் 0' என்று காட்டும். "லாஸ் இல்லைன்னு போட்டிருக்கே அண்ணா" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' மட்டும் வருகிறது

யாருமே பதில் சொல்லவில்லை என்று பொருள். போகவில்லை என்பதல்ல, போயிருக்கலாம், திரும்பி வர வழி தெரியாமல் இருக்கலாம். நான் பார்த்த வரையில் இந்த வகைக் கோளாறுகளில் பெரும்பாலானவை இதில்தான் முடியும். போகிற பாதையை எல்லோரும் கவனமாக எழுதுகிறார்கள், வருகிற பாதையை எழுதுவதில்லை. நடுவில் உள்ள ரூட்டர்கள் அனுப்புநர் முகவரியை மாற்றாமல் விட்டால் (மாற்றினால் என்ன ஆகும் என்பது அடுத்த பகுதியில்), மேல் மாடிக் கம்ப்யூட்டர் 192.168.3.10-இலிருந்து கீழே உள்ள பிரின்டர் 192.168.1.30-க்குப் பாக்கெட் போய்ச் சேர்ந்துவிடும், டீஃபால்ட் கேட்வேயே கொண்டுபோய்விடும். பிரின்டர் பதிலைக் கீழ் ரூட்டரிடம் கொடுக்கும். கீழ் ரூட்டருக்கு 192.168.3.0 எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால், அதுவும் தன் டீஃபால்ட் வழியில், அதாவது ஃபைபரில் வெளியே தள்ளிவிடும். வீட்டுக்குள் மட்டும் செல்லும் பிரைவேட் முகவரி என்பதால் அது வெளியே எங்கும் போய்ச் சேராது.

போகிறதா, வரவில்லையா என்று பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு. போய்ச் சேர வேண்டிய கம்ப்யூட்டரில் வயர்ஷார்க் என்ற, வந்து போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு மறுபக்கத்திலிருந்து பிங் கொடுங்கள். கோரிக்கை வந்து விழுந்தால் போகும் பாதை சரி, திரும்பும் பாதையைத் தேடுங்கள். வரவே இல்லை என்றால் போகும் பாதையிலேயே கோளாறு. கோரிக்கை வந்தும் அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து பதிலே கிளம்பவில்லை என்றால் அதன் ஃபயர்வாலைப் பாருங்கள். விண்டோஸ் ஃபயர்வால், வீட்டு நெட்வொர்க் சுயவிவரத்தில், பிங் பதிலையும் ஃபைல் ஷேரிங்கையும் 'லோக்கல் சப்நெட்' வரை மட்டும்தான் அனுமதிக்கும். 192.168.3.10 அதன் கண்ணுக்கு வெளியாள். அந்த விதியின் ஸ்கோப்பில் மற்ற இரண்டு நெட்வொர்க்குகளையும் சேருங்கள். ஃபயர்வாலையே அணைத்துவிடாதீர்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. நடு ரூட்டரின் டயக்னாஸ்டிக்ஸ் பக்கத்திலிருந்து பிரின்டருக்குப் பிங் கொடுத்தால் ஜோராகப் போகும். "ரூட்டர்ல இருந்து போகுது, அப்ப ரூட் சரிதான்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். ரூட்டர் தானே அனுப்பும்போது அனுப்புநர் முகவரியாகத் தன் வேன் முகவரி 192.168.1.2-ஐப் போடும். அது பிரின்டருக்குப் பக்கத்து முகவரி, திரும்பி வர ரூட்டே தேவையில்லை. ஆகவே அந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது. சோதிப்பதென்றால் ரூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து சோதியுங்கள்.

மேலேயிருந்து கீழே போகிறது, கீழேயிருந்து மேலே போகவில்லை

கீழ் ரூட்டரில் எந்த ரூட்டும் எழுதாமலேயே மேலேயிருந்து கீழே பிரின்ட் போகிறதா? அப்படியானால் நடு ரூட்டர் நேட் (முகவரி மாற்றம்) செய்துகொண்டிருக்கிறது. வீட்டு ரூட்டர் எல்லாமே பெட்டியைப் பிரித்த நிமிடத்திலிருந்து வேனில் வெளியேறும் எல்லாவற்றின் அனுப்புநர் முகவரியையும் தன் முகவரியாக மாற்றிவிடும். மாடியில் இருப்பவர்கள் எல்லோரும் கீழே 192.168.1.2 ஆகத்தான் தெரிவார்கள். அதனால் கீழ்நோக்கிய பயணம் நன்றாக நடக்கும். மேல்நோக்கி, கீழ் ரூட்டரில் ரூட் எழுதி பாக்கெட்டைச் சரியாக 192.168.1.2-க்கு அனுப்பினாலும், நடு ரூட்டரின் வேன் பக்க ஃபயர்வால் அழைக்காமல் வந்த விருந்தாளி என்று தடுத்துவிடும்.

இரண்டையும் மாற்ற வேண்டும்: நேட் அணைக்க வேண்டும், வேனிலிருந்து லேனுக்கு உள்ளே விட வேண்டும். நேட்டை மட்டும் அணைத்துவிட்டு ஃபயர்வாலை மறந்தால் அதே அறிகுறி அப்படியே நிற்கும். ஓபன்டபிள்யூஆர்டி என்ற ரூட்டர் மென்பொருளில் ஃபயர்வால் பக்கத்தில் வேன் சோனின் மாஸ்கரேடிங் (இதுவும் நேட்தான்) டிக்கை எடுத்துவிட்டு, வேனிலிருந்து லேனுக்கு ஃபார்வர்டிங்கை அனுமதியுங்கள். மைக்ரோடிக் கம்பெனி ரூட்டரில் நேட் பட்டியலில் உள்ள மாஸ்கரேட் விதியை முடக்குங்கள். கூடவே ஃபில்டர் பட்டியலில், வேனிலிருந்து வருவதில் டிஎஸ்டி-நேட் ஆகாத (போர்ட் ஃபார்வர்டிங் மூலம் உள்ளே ஒரு சாதனத்துக்குத் திருப்பிவிடப்படாத) எல்லாவற்றையும் தூக்கிப்போடும் ஒரு விதி தொழிற்சாலையிலிருந்தே இருக்கும், அதற்கு மேலே உங்கள் லோக்கல் நெட்வொர்க்குகளை அனுமதிக்கும் விதி ஒன்று வையுங்கள். மலிவு ரூட்டர்கள் சிலவற்றில் நேட்டை அணைக்கும் வசதியே இருக்காது. அதோடு மல்லுக்கட்டாதீர்கள். போர்ட் ஃபார்வர்டிங் வைத்து ஒப்பேற்றலாம், அல்லது ரூட்டரை மாற்றலாம்.

நேட்டை அணைத்ததும் லோக்கல் எல்லாம் சரி, மாடியில் இன்டர்நெட் போய்விட்டது

முதலில் கீழ் ரூட்டரில் இரண்டு ரூட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் வரவில்லை என்றால், கீழ் ரூட்டர் தன் சொந்த 192.168.1.0-க்கு மட்டும் நேட் செய்து, மற்றவற்றை அப்படியே வெளியே விடுகிறது என்று பொருள். இன்டர்நெட் கம்பெனி கொடுக்கும் ரூட்டர்களில் இது சகஜம், அதை மாற்றும் பக்கமும் நம் லாகினுக்குத் தெரியாது. சில பெட்டிகளில் ஸ்டாடிக் ரூட்டிங் பக்கமே மறைத்து வைக்கப்பட்டிருக்கும்.

இரண்டு வழி. அந்தப் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு (ரூட்டர் வேலை பார்க்காமல் லைனை மட்டும் கடத்தும் நிலைக்கு) மாற்றித் தரச் சொல்லிவிட்டு, உங்கள் சொந்த ரூட்டரைக் கீழ் ரூட்டராக வைப்பது முதல் வழி. கேட்டால் பல கம்பெனிகள் செய்து கொடுக்கும். போனில் கேட்டதையே மூன்று பேரிடம் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும், அவ்வளவுதான். இரண்டாவது, நடு ரூட்டரில் நேட்டை முழுதாக அணைக்காமல், போகும் இடம் 192.168.0.0/16-க்கு வெளியே இருந்தால் மட்டும் நேட் செய் என்று விதியை மாற்றுவது. லோக்கல் பாக்கெட்டுகள் சொந்த முகவரியோடு போகும், இன்டர்நெட் பாக்கெட்டுகள் 192.168.1.2 ஆகப் போகும். மைக்ரோடிக்கிலும் ஓபன்டபிள்யூஆர்டியிலும் இது முடியும்.

பிங் போகிறது, ஆனால் பக்கம் திறக்கவில்லை, ஃபைல் காப்பி தொங்குகிறது

இதுதான் ஆளைப் பைத்தியமாக்கும் அறிகுறி. ரூட் எல்லாம் சரி, ட்ரேஸ்ரூட் (வழியில் உள்ள ரூட்டர்களை வரிசையாகக் காட்டும் கட்டளை) சரி, பிங் சரி. நாஸ் பெட்டியின் (நெட்வொர்க்கில் ஃபைல் சேமிக்கும் பெட்டி) லாகின் பக்கம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். சில நேரம் திறந்தும்விடும், அதுதான் கொடுமை.

கீழே 192.168.1.20 என்ற கம்ப்யூட்டர் முதல் மாடியில் உள்ள 192.168.2.50 நாஸை அழைக்கிறது என்று வைப்போம். கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது கீழ் ரூட்டர் ஒன்றுதான், அதனிடம் கொடுக்கிறது. கீழ் ரூட்டர் வந்த வழியிலேயே, அதே லேனில், 192.168.1.2-க்குத் திருப்பிவிடுகிறது. நாஸ் பதில் சொல்கிறது. அந்தப் பதில் நடு ரூட்டருக்கு வரும்போது 192.168.1.20 அதன் வேன் பக்கத்திலேயே நேரடியாக இருப்பதால், கீழ் ரூட்டரைத் தொடாமல் கம்ப்யூட்டரிடமே நேராகக் கொடுத்துவிடுகிறது. போனது ஒரு வழி, வந்தது வேறு வழி.

பிங்குக்கு இதில் பாதிப்பில்லை. வெப் பக்கமும் ஃபைல் காப்பியும் ஓடும் டிசிபிக்கு உண்டு, அது கோரிக்கை, பதில், ஒப்புதல் என்று மூன்று படியில்தான் தொடங்கும். கீழ் ரூட்டரின் ஃபயர்வால் முதல் சின் பாக்கெட்டை (தொடக்கக் கோரிக்கையை) பார்த்தது, அதற்கான பதிலைப் பார்க்கவே இல்லை. மூன்றாவதாகக் கம்ப்யூட்டர் அனுப்பும் ஒப்புதல் வரும்போது, நடுவில் ஒரு படி காணோம், இது செல்லாத பாக்கெட் என்று தூக்கி எறிந்துவிடும். எல்லா ரூட்டரும் இப்படி எறியாது. எறியும் அமைப்பு உள்ளவற்றில் இந்தத் தொங்கல் வரும். சில நேரம் திறப்பது ஏன் என்றால், கீழ் ரூட்டர் 'நேராக 192.168.1.2-இடமே போ' என்று ஐசிஎம்பி ரீடைரக்ட் அனுப்பியிருக்கும், கம்ப்யூட்டர் அதை ஏற்றுக்கொண்டு கொஞ்ச நேரம் நேர்வழியில் போயிருக்கும்.

சுத்தமான தீர்வு, இரண்டு ரூட்டர்களுக்கு நடுவே வேறு யாரும் உட்காராத ஒரு சின்ன நெட்வொர்க் வைப்பது. கீழ் ரூட்டரில் ஒரு போர்ட்டைத் தனியாகப் பிரித்து 10.10.10.1, நடு ரூட்டரின் வேனுக்கு 10.10.10.2, மாஸ்க் 255.255.255.252. நடு ரூட்டரின் டீஃபால்ட் கேட்வேயும் கீழ் ரூட்டரின் ரூட்களில் உள்ள கேட்வேயும் அதற்கேற்ப மாற வேண்டும். இரண்டு திசையும் ஒரே வழியாகிவிடும். போர்ட்டைப் பிரிக்க முடியாத ரூட்டர் என்றால், கீழே உள்ள கம்ப்யூட்டர்களிலேயே ரூட் எழுதலாம். விண்டோஸில் 'ரூட் ஆட்' கட்டளை, கூடவே '-பி' சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் ரீஸ்டார்ட்டில் போய்விடும். கம்ப்யூட்டர்கள் நிறைய இருந்தால் டிஹெச்சிபி (சாதனங்களுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதி) ஆப்ஷன் 121 வழியாக எல்லோருக்கும் ரூட்டை ஊட்டிவிடலாம். கீழ் ரூட்டரில் செல்லாத பாக்கெட்டை எறியும் விதியை எடுத்துவிடுங்கள் என்று சிலர் சொல்வார்கள். வேலை செய்யும், எனக்குப் பிடிக்காது. இன்டர்நெட்டைப் பார்த்து நிற்கும் ரூட்டரில் அந்த விதி இருப்பது நல்லது.

ரூட்டர் ரூட்டைச் சேமிக்கவே மறுக்கிறது

பெரும்பாலும் மூன்றில் ஒன்று. 192.168.2.0 என்று நெட்வொர்க்கை எழுத வேண்டிய இடத்தில் 192.168.2.1 என்று ஒரு சாதனத்தின் முகவரியை எழுதியிருப்பீர்கள். அல்லது கேட்வேயாக 192.168.1.2-க்குப் பதில் நடு ரூட்டரின் மறுபக்க முகவரி 192.168.2.1-ஐக் கொடுத்திருப்பீர்கள். கேட்வே எப்போதும் அந்த ரூட்டர் நேரடியாகத் தொடும் நெட்வொர்க்கில் இருக்க வேண்டும், 192.168.2.1-ஐ அடையத்தானே ரூட்டே எழுதுகிறோம். மூன்றாவது, இன்டர்ஃபேஸ் தேர்வில் லேனுக்குப் பதில் வேன் என்று இருப்பது.

இதற்கெல்லாம் முன்னாலேயே ஒன்று நடக்கலாம்: இரண்டு ரூட்டருக்கும் ஒரே நெட்வொர்க். பல கம்பெனி ரூட்டர்கள் 192.168.1.1 என்றோ 192.168.0.1 என்றோதான் வரும். வேனிலும் 192.168.1, லேனிலும் 192.168.1 என்றால், பெங்களூரில் ஏரியா பெயர் சொல்லாமல் 'ஃபர்ஸ்ட் கிராஸ் போப்பா' என்று ஆட்டோக்காரரிடம் சொன்னது மாதிரி. எந்த ஏரியா ஃபர்ஸ்ட் கிராஸ்? ரூட் எழுதித் தீராது, ஒன்றின் லேனை மாற்றித்தான் ஆக வேண்டும்.

நேற்று வரை ஓடியது, கரண்ட் போய் வந்ததும் நின்றுவிட்டது

ஏப்ரல், மே மாலை மழையில் கரண்ட் போய் வந்த மறுநாள் காலை வரும் போன் இது. நடு ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் முகவரியைப் பாருங்கள். 192.168.1.2 இருந்த இடத்தில் 192.168.1.7 இருக்கும். வேனை டிஹெச்சிபியில் விட்டிருப்பார்கள். மூன்று பெட்டியும் ஒரே நேரத்தில் விழித்ததில், 2-ஆம் எண் வேறு ஏதோ போனுக்குப் போயிருக்கும். கீழ் ரூட்டரின் ரூட் இன்னும் 192.168.1.2-க்குத்தான் அனுப்பிக்கொண்டிருக்கும். வேனுக்கு ஸ்டாடிக் முகவரி கொடுங்கள், அதைக் கீழ் ரூட்டரின் டிஹெச்சிபி வரம்புக்கு வெளியே வையுங்கள்; வரம்பை 100-இலிருந்து 200 வரை என்று வைத்தால் கீழே உள்ள எண்கள் எல்லாம் உங்களுடையவை.

முகவரி மாறவில்லை, ரூட்டே காணோம் என்றால், அது சேமிக்கப்படவில்லை. லினக்ஸ் கட்டளையில் கையால் சேர்த்த ரூட் ரீபூட்டில் போய்விடும், நெட்வொர்க் கான்ஃபிக் ஃபைலில் எழுத வேண்டும். லினக்ஸ் பெட்டியையே ரூட்டராக வைத்திருந்தால் ஐபி ஃபார்வர்டிங் (பாக்கெட்டை அடுத்த நெட்வொர்க்குக்குக் கைமாற்றும் அமைப்பு) 0-க்குத் திரும்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். சிஸ்கோ ரூட்டரில் ரன்னிங் கான்ஃபிக்கை ஸ்டார்ட்அப் கான்ஃபிக்கில் காப்பி செய்யாமல் விட்டாலும் இதே கதி. இன்டர்நெட் கம்பெனியின் பெட்டியாக இருந்தால், தூரத்திலிருந்து அவர்கள் ஃபர்ம்வேர் ஏற்றும்போது உங்கள் ரூட்களும் அழிந்திருக்கலாம். கான்ஃபிக் பேக்கப் எடுத்து வையுங்கள்.

ட்ரேஸ்ரூட்டில் இரண்டே முகவரி மாறி மாறி வருகிறது

192.168.1.1, 192.168.1.2, 192.168.1.1, 192.168.1.2 என்று முப்பது வரி ஓடி நிற்கும். பிங்கில் 'டிடிஎல் எக்ஸ்பயர்டு', அதாவது பாக்கெட் தாண்டக்கூடிய ரூட்டர் எண்ணிக்கை தீர்ந்துவிட்டது. இரண்டு ரூட்டரும் ஒன்றை ஒன்று கைகாட்டுகின்றன. கீழ் ரூட்டரில் இரண்டு ரூட்டுக்குப் பதில் 192.168.0.0/16 என்று சுருக்கமாக ஒன்றே எழுதியிருப்பார்கள். 192.168.9.5 என்று இல்லாத ஒன்றைத் தேடினால் கீழ் ரூட்டர் மேலே அனுப்பும், நடு ரூட்டர் தெரியாது என்று டீஃபால்ட்டில் கீழே அனுப்பும். இரண்டு தனி ரூட்டாகவே எழுதுங்கள். சுருக்கித்தான் ஆக வேண்டும் என்றால் நடு ரூட்டரில் 192.168.0.0/16-க்கு ஒரு பிளாக்ஹோல் ரூட் (வருவதை எங்கும் அனுப்பாமல் தூக்கிப்போடும் ரூட்) போடுங்கள். அதைவிடக் குறுகிய /24 ரூட்கள் எப்போதும் முந்திக்கொள்ளும், மிச்சம் மட்டும் அங்கேயே அடங்கிவிடும்.

எல்லாம் சரி, பிரின்டர் மட்டும் லிஸ்டில் தெரியவில்லை

தெரியாது. பிரின்டரையும் டிவியையும் தானாகக் கண்டுபிடிக்கும் அழைப்புகள் 224.0.0.251 போன்ற மல்டிகாஸ்ட் முகவரிகளுக்குப் போகும், அவை ரூட்டரைத் தாண்டாது. பிரின்டரை ஐபி முகவரி கொடுத்துச் சேருங்கள், பிரின்ட் போய்விடும். டிவிக்கு காஸ்ட் செய்ய வேண்டும் என்றால் போனை அதே நெட்வொர்க்கில் மாற்றிக்கொள்வதுதான் சுலபம். இந்த அழைப்புகளை அடுத்த நெட்வொர்க்குக்கும் எடுத்துச் சொல்லும் எம்டிஎன்எஸ் ரிப்பீட்டர் என்று ஒன்று உண்டு, நல்ல ரூட்டர்களில் போடலாம். போன் கெஸ்ட் வைஃபையில் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். அங்கே இருந்தால் எந்த ரூட்டும் உதவாது.

ஆபீஸ் லேப்டாப்பில் மட்டும் வரவில்லை

வீட்டில் உட்கார்ந்து ஐடி வேலை பார்ப்பவர்கள் இருக்கும் மாடியில் இது வரும். ஆபீஸ் விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்குக்கான ரகசிய இணைப்பு) போட்டதும் லோக்கல் நெட்வொர்க் எல்லாம் மறைந்துவிடும், எடுத்ததும் திரும்பி வரும். விபிஎன் எல்லாப் போக்குவரத்தையும் தன் வழியில் இழுத்துக்கொள்கிறது, அல்லது உங்கள் வீட்டு நெட்வொர்க் எண்ணையே ஆபீஸும் உபயோகிக்கிறது. 'ரூட் பிரின்ட்' கட்டளை கொடுத்து, உங்கள் நெட்வொர்க்குக்கு நேரே விபிஎன் இன்டர்ஃபேஸ் நிற்கிறதா என்று பாருங்கள். எண் மோதல் என்றால் வீட்டு எண்ணை மாற்றிவிடலாம். எல்லாவற்றையும் இழுக்கும் விபிஎன் என்றால் அது ஆபீஸ் ஐடி பிரிவு வைத்த விதி, அவர்களிடம்தான் கேட்க வேண்டும். வீட்டு ரூட்டரில் தோண்டாதீர்கள்.